மாவா, மருந்தா, மாதப்பனா?

“ஹலோ… வசுதா மேடமுங்களா? கவின்ராஜ் பேசறேங்க… முடி மாத்திரை ஆராய்ச்சிக்கு வந்தனே… ஹௌது மேடம், ஆமாங்க, அந்த முன்வழுக்கைதாங்க… இல்லீங்க, இப்ப முன்வழுக்கை இல்லீங்க! அதுக்குத்தான் போன் பண்ணினேன்.”

சந்தோஷச் செய்தி சொல்கிறவன் குரலா அது? குவெம்புநகர் வாடகை வீட்டில், ஒரு கையால் போனையும் மறு கையால் தன் தலைமுடியையும் பிடித்துக்கொண்டு நின்றான் அவன். எதிரே, ஹனூரிலிருந்து வந்திருந்த அம்மா பசம்மா தலைக்குக் குளித்துவிட்டு, இடுப்புவரை விழுந்த முடியைத் துண்டால் தட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மலைக்குப் போகும் பை தயாராக இருந்தது.

“நல்லா முளைச்சிருக்குதுங்க. சீப்பு வாங்கிட்டேன். போன வாரம் பொடுகுகூட வந்துருச்சு, சந்தோஷத்துல ஆபீஸ் பூரா பேடா குடுத்தேன்… சிரிக்காதீங்க மேடம், பொடுகப் பாத்தே எத்தன வருஷமாச்சு!… வெசயம் என்னன்னா, ஆராய்ச்சி முடிஞ்சுதில்லீங்களா, எனக்குக் குடுத்தது புது மருந்தா, சும்மா மாவு அடைச்ச மாத்திரையான்னு தெரியோணும்… ஹௌது, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு, கையெழுத்து வாங்கறப்பவே சொன்னீங்க… ஒரு நிமிஷங்க. அம்மா, சித்த இரு! பஸ் எங்கயும் ஓடிப்போயிடாது!…

“அம்மாதாங்க. எனக்கு முடி முளைச்சா மாதேஸ்வரன் மலையில மொட்டைன்னு மாதப்பன் சாமிக்கு வேண்டுதலாம். இன்னிக்கே போகோணுங்கறாங்க… நீங்களே சொல்லுங்க, முளைச்சதே செரைக்கத்தான்னா நான் முன்ன மாதிரியே இருந்திருப்பனே!… ஆமாங்க… அதுவும் இந்த ஞாயித்துக்கெழம கொள்ளேகால்ல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. பழைய போட்டோவப் பாத்துட்டு ‘யோசிச்சுச் சொல்றோம்’னவங்க, புது போட்டோவப் பாத்துட்டு அவங்களாவே வர்றாங்க…”

அந்தப் புதுப் போட்டோவின் மேல் கவின்ராஜுக்கு அப்படி ஒரு பிரியம். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததைவிட அதைத்தான் அவன் அதிகம் பார்த்திருந்தான்.

“மருந்துல முளைச்சதுன்னா சாமிக்கு அதுல பங்கில்லீங்கல்ல? காலையில இருந்து இதான் சண்டை. நீங்க சொன்னா அம்மா கேட்டுக்குவாங்க… பாருங்க, பாருங்க, நிதானமாப் பாருங்க… ம்… ம்… என்னங்க?… மாவா?… நல்லாப் பாத்தீங்களா? வேற கவின்ராஜ் யாராச்சும்… சோள மாவு. ம்… அப்ப என்கூட வந்தாரே சிவகுமார், அவருக்குக் காதுல மட்டும் காடாட்டம் முளைச்சுதே, அதுதான் நெஜ மருந்துங்களா?… சொல்லக் கூடாதுங்களா? வேண்டாங்க, புரிஞ்சுபோச்சு.

“மாவாம்மா! வெறும் சோள மாவு! போதுமா? உன் மாதப்பன் ஜெயிச்சுட்டாரு!”

பசம்மா துள்ளவில்லை, கொக்கரிக்கவில்லை. ஈர முடியை அள்ளி முடிந்துகொண்டு, சுவரில் இருந்த சாமி காலண்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பையைத் தூக்கினாள். அதில் ஒரு ஆளுக்கு வேண்டிய துணிதான் இருந்தது.

“என்னம்மா, நான் ஆபீசுக்குப் போகோணுமா? அப்ப மொட்டை யாருக்கு?… உனக்கா!… என்னது? முடி குடு சாமின்னு கேட்டுட்டு அதையே எடுத்துக்கன்னு சொல்ல நீ ஒண்ணும் கிறுக்கி இல்லைங்கறியா?… அட கடவுளே, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?… நான் கேக்கவே இல்லியா?…”

கேட்கவில்லைதான். காலையிலிருந்து, தன் தலையைத் தவிர அந்த வீட்டில் இன்னொரு தலை இருப்பதே அவனுக்குத் தோன்றவில்லை. ஹனூரில் ‘முடிக்காரப் பசம்மா’ என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். போனை மறுபடியும் காதுக்குக் கொண்டுபோனான்.

“மேடம்… இருக்கீங்களா?… எனக்கில்லீங்களாம், அவங்களுக்காம்… அழுவலீங்க, சளி… மேடம், ஒரே ஒரு உதவி. எங்கம்மாகிட்ட நீங்க பேசோணும். மாவுன்னு சொன்னது தப்பு, மருந்துலதான் முளைச்சுதுன்னு சொல்லிருங்க… ஹௌது மேடம், பொய்தான்… இல்லீங்க, மொதல்ல கெஞ்சுனது என் முடிக்குங்க. இது எங்கம்மா முடிக்கு… டாக்டருங்க பொய் சொல்லக் கூடாதுங்களா? மாவ மருந்துன்னு சொல்லித்தானே எங்களுக்குக் குடு… சரி சரி, கோவிச்சுக்காதீங்க, அது ஆராய்ச்சி… அப்ப இப்பிடிச் சொல்லுங்க, ‘இன்னொருக்கா சரிபார்க்கோணும், அது வரைக்கும் யாரும் மலைக்குப் போக வேண்டாம்’னு. இதுல பொய்யே இல்லீங்களே!… சொல்றீங்களா? மகராசியா இருங்க மேடம்!… குடுக்கறேன், குடுக்கறேன்… அம்மா, இந்தா, டாக்டரம்மா. ஏதோ மாறிப்போயிருச்சாம், உன்கிட்டதான் சொல்லுவாங்களாம்…”

பசம்மா போனை வாங்கினாள். காதில் வைக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தி அவன் சட்டைப் பையிலேயே போட்டாள். நெற்றியில் விழுந்து கிடந்த அவனுடைய புது முடியை விரலால் கோதி ஒதுக்கிவிட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மலை பஸ் பிடிக்க சப்-அர்பன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள்.