பதினாறடியைப் பதினான்கடியாக்கியவன் பேசுகிறேன்

கையிலே சுத்தியும் கண்ணிலே கண்டிப்புமாக இருபது ஆண்டுகளாய் ஹார்லோ ஊர்க்கூட்டத்தைக் கட்டி மேய்த்துவரும் தலைவர் ஆர்வில் ஸ்டானார்டு அவர்களே! அவருக்கு இடப்புறம் அமர்ந்து, நாம் இருமினால்கூட ஏட்டில் ஏற்றிவிடும் ஊர் எழுத்தர் லொரேன் அம்மையார் அவர்களே! பனியும் சேறும் பாதி வழியில் வண்டியைப் பறித்துக்கொள்ள, மீதி வழியை நடந்தே வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் பெரியோர்களே! விடியலில் எழுந்து சட்டி சட்டியாய்ப் பீன்ஸ் வேகவைத்து, ஆப்பிள் பை அடுக்கடுக்காய்ச் சுட்டுவந்த தாய்மார்களே! அந்தப் பீன்ஸ் வாசனை கீழ்த்தளத்திலிருந்து படியேறி வந்துகொண்டிருக்கிறது. ஆகவே சுருக்கமாகப் பேசுவேன் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் எழுந்ததுமே கடிகாரத்தைப் பார்த்த கடைசி வரிசைக் கனவான்களே! பழைய வெண்ணெய்க் கூடத்து விளக்குப் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாய் மண் பிசைகிற மெர்ல் திபடோ, உங்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகளாகத் தெரியாது. கண்ணாடி போட்டால் என் மாமனார் ஜாடை வந்துவிடும் என்று பயந்து போடாமலே காலம் தள்ளினேன். சாப்பாட்டுக் கடையில் அட்டையைப் பார்த்து "வழக்கமா சாப்பிடறதே குடுங்க" என்று நான் கம்பீரமாகச் சொல்வேனே, எதற்கென்று இப்போது புரிகிறதா? சிரியுங்கள், சிரியுங்கள். க்ளைடு, நீ கொஞ்சம் மெதுவாகச் சிரி. உன் கதைக்கும் வருகிறேன்.

இதோ, சட்டைப்பையில் புதுக் கண்ணாடி. போன வாரம் வாங்கியது. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்கொள்கிறேன். எப்படி இருக்கிறது? மூன்றாம் வரிசையிலிருந்து என் மனைவி வெர்னா சொல்கிறாள், கேட்டீர்களா? "ஆந்தை மாதிரி இருக்கய்யா, அப்படியே இரு!" நன்றி வெர்னா. அடுப்புச் சூட்டில் இப்போதே வேர்த்து மங்குகிறது. தலைவரே, தங்கள் மேசை ஓரமாகக் கழற்றி வைக்கிறேன். பேச்சு முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கண்ணுக்கும் பதினோராம் தீர்மானத்துக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு தோழர்களே! அண்ணாந்து நம் மன்றத்து விளக்கைப் பாருங்கள். முப்பத்திரண்டு மண் இதழ்கள், முட்டை ஓட்டைப்போல் மெலிந்த இதழ்கள், உள்ளே விளக்கு எரிந்தால் உள்ளங்கையை வெயிலுக்கு நேரே பிடித்ததுபோல் சிவக்கும் இதழ்கள்! அவற்றைத் தாங்கும் தண்டும் மண்தான். அடிக்கு ஒன்றாகப் பதினான்கு மண்குழாய்களைக் கோத்து, நடுவே மின்கம்பியை ஓட்டிய தண்டு. சென்ற ஆண்டு இதே கூட்டத்தில், இதே கைகளைத் தூக்கி, "மன்றத்துக்கு ஒரு விளக்கு செய்து கொடு" என்று எங்கள் முதலாளி டாம்சின் வீலாக்கிடம் கேட்டது யார்? நீங்கள்தான். செய்து கொடுத்தாள். மாட்டினோம். சொடுக்கினோம். எரிந்தது.

எங்கே எரிந்தது? உத்தரத்துக்கு மேலே எரிந்தது! உத்தரத்துக்குக் கீழே இறங்கவேண்டிய விளக்கு, இரண்டடி உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூரையில் கூடுகட்டிய புறாக்களுக்குப் பகலைக் கொடுத்தது. உத்தரத்தின் நிழலோ, ஒரு மாட்டின் அகலத்துக்கு, சரியாக மூன்றாம் வரிசையில் விழுந்தது. மூன்றாம் வரிசை யாருடையது? கூட்டத்துக்கு வந்தால் கையில் பின்னலூசி இல்லாமல் உட்காராத நம் பெண்களுடையது! அன்று இருட்டில் என் வெர்னா பின்னிய காலுறைக்கு இரண்டு குதிகால். அதை யாருக்குப் போடுவது என்று இன்னும் வீட்டில் பேச்சு நடக்கிறது.

கோபம் வந்தது. நியாயமான கோபம். க்ளைடு பாட்சல்டர் எழுந்தார். "விளக்கைக் கழற்றி அவங்க கையிலயே குடுத்துருவோம். கடையில ட்யூப்லைட் வாங்கி மாட்டுவோம். ஓட்டு எண்றதுக்கு வெளிச்சம் வேணும், வேடிக்கை பாக்கறதுக்கில்ல" என்று தீர்மானம் எழுதிக் கொடுத்தார். அதுதான் இன்று உங்கள் முன்னால் இருக்கும் பதினோராம் தீர்மானம். நிறைவேறினால் நாளையே ஏணி வரும். அதோ பின்வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாளே டாம்சின், அவள் காலடியில் இருக்கும் பெட்டிகளைப் பாருங்கள். வைக்கோல் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். கேட்கும் முன்பே கொடுத்துவிடத் தயாராக வந்திருக்கிறாள்! ஏன்? தப்பு தன் வரைபடத்தில் என்று நம்புகிறாள்.

விளக்கு ஏறி இன்றோடு பதினோரு நாட்கள், பெரியோர்களே! பதினோரு நாட்களாய் அந்த வரைபடத்தைச் சுவரில் குத்தி வைத்துக்கொண்டு கூட்டினாள், கழித்தாள், அழித்தாள், மறுபடி கூட்டினாள். "மெர்ல், நான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன். எங்கன்னுதான் தெரியல. இனிமே ஊர் வேலை ஒண்ணும் எடுத்துக்க வேணாம். கிண்ணம் செஞ்சு வெளியூருக்கு அனுப்பிட்டு வாயை மூடிக்கிட்டு இருப்போம்" என்றாள். எந்தக் கை ஊருக்கு விளக்கு செய்யும் என்று நீங்கள் நம்பினீர்களோ, அந்தக் கை தன்னையே நம்பாமல் போயிற்று.

அவள் வரைபடத்தில் தப்பு இல்லை. தப்பு இதோ என் கையில் இருக்கிறது. இந்தக் கோலில் இருக்கிறது.

இது என்ன கோல்? மண் சூளைக்குள் போனால் சுருங்கும். எங்கள் மண் எட்டங்குலம் போனால் ஏழங்குலமாய் வெளியே வரும். அதற்காகப் பட்டறையில் ஆளுக்கொரு பொய்க்கோல் வைத்திருக்கிறோம். அதில் ஒவ்வோர் அங்குலமும் கொஞ்சம் நீண்டிருக்கும். பச்சை மண்ணை அதில் அளந்து செய்தால், சுட்டபின் உண்மை அளவுக்கு வந்து நிற்கும். மண்ணிடம் மட்டும் சொல்லலாம் இந்தப் பொய்யை. மரத்திடமோ மன்றத்திடமோ சொல்லக்கூடாது! உண்மைக்கோலும் பொய்க்கோலும் ஒரே ஆணியில் தொங்கும். பொய்க்கோலுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

கூரைக் கொக்கியிலிருந்து விளக்கு நிற்கவேண்டிய இடம்வரை நூல் விட்டு, அந்த நூலை இதே தரையில் நீட்டிப்போட்டு அளந்தவன் யார்? நான். எதில் அளந்தேன்? பதினாறடி நூல் பதினான்கடி என்று எனக்குச் சொன்னது எந்தக் கோல்? கண்ணாடி போடாத மகாராஜாவுக்குச் சிவப்பு நூல் தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவே இல்லை! அன்று அளந்துவிட்டு வண்டியில் போட்ட இந்தக் கோலை, நான்கு நாள் முன்பு இருக்கைக்கு அடியில் புதுக் கண்ணாடியோடு பார்த்தபோதுதான் அந்த நூல் தெரிந்தது. பதினான்கு என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதினான்கு குழாய் அவள் செய்தாள்.

என்னம்மா டாம்சின்? சத்தமாகச் சொல். எல்லோருக்கும் கேட்கட்டும்.

"நாலு நாளா தெரிஞ்சும் என் சூப்பைக் குடிச்சுக்கிட்டு எதிர்லயே உக்காந்திருந்தீங்களா, மெர்ல்?"

குடித்தேன் முதலாளி. உப்பு குறைவு. அதையும் சொல்லத் தைரியம் வரவில்லை.

சரி. சிரித்தது போதும். இப்போது கேட்கிறேன். க்ளைடு, நீ எழுந்து நிற்கிறாய். பேசு, பேசு.

"மெர்ல், நீ பண்ணுனியோ அவ பண்ணாளோ, எனக்கென்னடா? இருட்டு இருட்டுதானே! ரெண்டடி கம்பியை நீட்டி விட்டுட்டுப் போறதுக்கு இவ்வளவு பேச்சா?"

நல்ல கேள்வி. வம்புக்காரன் வாயிலும் நல்ல கேள்வி வரும். கம்பியை நீட்டலாம் க்ளைடு. தண்டு மண்ணாயிற்றே! இரண்டடிக்கு வெறுங்கம்பியை விட்டால் முப்பத்திரண்டு இதழின் பாரம் கம்பியில் தொங்கும். அதன் அடியில் முதலில் உட்காருவது நீ. இன்னும் இரண்டு குழாய் வேண்டும். பிசையவேண்டும், உருட்டவேண்டும், ஈரத்துணி போர்த்தி ஆறவிடவேண்டும், ஒருமுறை சுட்டு, மெருகு பூசி, மறுமுறை சுடவேண்டும். மூன்று வாரம். அதில் ஒரு நாளைக் குறைத்தால் சூளைக்குள்ளேயே வெடிக்கும்.

வெடிப்பது எங்களுக்குப் புதிதா? இந்த விளக்கில் பத்தொன்பதாம் இதழ் என்று ஒன்று இருக்கிறது. அதோ, ஜன்னல் பக்கம், நுனி லேசாய்த் திரும்பியிருப்பது. அது முதல் தடவை விரிசல் விட்டது. இரண்டாம் தடவை வளைந்தது. மூன்றாம் தடவை பக்கத்து இதழோடு ஒட்டிக்கொண்டு இரண்டையும் கெடுத்தது. ஏழு தடவை! ஏழாவது தடவை சூளைக்கதவைத் திறந்து துண்டுகளைப் பார்த்துவிட்டு, நான் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தேன். "விடு முதலாளி, முப்பத்தொண்ணோட நிறுத்திக்கலாம். எந்தப் பய எண்ணப் போறான்?" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "க்ளைடு எண்ணுவார்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி மண்ணை எடுத்தாள்.

எண்ணினாயா இல்லையா, க்ளைடு? தலையைக் குனியாதே. விளக்கு ஏறிய அன்று இங்கே நின்று விரலை நீட்டி எண்ணியதை நான் பார்த்தேன். உன்னை நினைத்துத்தான் எட்டாவது தடவையாக அந்த இதழ் செய்யப்பட்டது!

இதே க்ளைடுதான் மேப்பிள் மரத்துப் பாலைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகை கட்டியபோது கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தார். நேர் எதிரே மேப்பிள் மரம். கதவு ஒரு சாண் திறக்கும், அப்புறம் மரம் இடிக்கும். ஒரு பருவம் முழுதும் மனுஷன் பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வந்தார். ஊரே போய்ப் பாகு வாங்கியது. "கொட்டகையைப் பிரி" என்று யாராவது தீர்மானம் போட்டோமா? போடவில்லை! பொறுத்தோம். கீலை மாற்றினார். இன்று அந்தக் கதவு அரசவை வாசல்போல் திறக்கிறது. கதவுக்குக் கொடுத்த காலத்தை விளக்குக்குக் கொடுக்கமாட்டோமா? தவறாத மனிதருக்குத்தான் இங்கே இடம் என்றால், தோழர்களே, இந்த மன்றத்தில் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும்!

வளைந்தால் மறுபடி செய்வோம். வெடித்தால் மறுபடி செய்வோம். அளவு பிசகினால், பிசகியவன் பெயரைப் பிசகாமல் சொல்லிவிட்டு மறுபடி செய்வோம்! பெட்டிக்குள் வைக்கோலில் படுக்கவா முப்பத்திரண்டு இதழும் நெருப்பைத் தாண்டி வந்தன? புறாவுக்கு எரிந்த விளக்கு நமக்கு எரியவேண்டாமா? நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டைபோட ஒரு வெளிச்சம் வேண்டாமா?

ஆகவே தலைவர் அவர்களே, பதினோராம் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். பாகு காய்ச்சும் பருவம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை விளக்கு அங்கேயே இருக்கட்டும். இரண்டு குழாய் செய்து இறக்கிக் கட்டுகிறோம். அதன்பிறகும் மூன்றாம் வரிசையில் நிழல் விழுந்தால், ஏணியை நானே பிடிக்கிறேன். இந்தத் தடவை உண்மைக்கோலில், கண்ணாடி போட்டுக்கொண்டு, நானே அளப்பேன்.

வழிமொழிகிறவர் யார்? கை தெரியவில்லை. நிழலில் இருக்கிறது... வெர்னாவா? இல்லை. க்ளைடா! "வழிமொழியறேன்டா, உக்காந்து தொலை. பீன்ஸ் ஆறுது" என்கிறார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் லொரேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.

குரலில் எடுத்த ஓட்டு தலைவருக்குத் தெளிவாகக் கேட்கவில்லையாம். ஓட்டு அட்டையைத் தூக்கச் சொல்கிறார். தூக்குங்கள். மூன்றாம் வரிசை, இன்னும் உயரமாக. லொரேன் எண்ணுகிறார். மறுபடி எண்ணுகிறார்.

திருத்தத்துக்கு ஆதரவு அறுபத்தொன்று. எதிர்ப்பு ஐம்பத்துநான்கு.

டாம்சின், அந்தக் கோட்டைக் கழற்று. பெட்டியை மூடு. நாளைக்கு மண் பிசையவேண்டும்.

தலைவர் சுத்தியைத் தட்டிவிட்டார். முடிவு உறுதியாயிற்று. ஆதரித்த அறுபத்தொரு பேருக்கும் நன்றி. எதிர்த்த ஐம்பத்துநான்கு பேருக்கும் நன்றி, உங்களை நினைத்துக்கொண்டுதான் குழாய் உருட்டப்போகிறோம். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், அடுப்பைப் பார்த்துக்கொண்ட தாய்மார்களுக்கும், கடைசி வரிசைக் கடிகாரங்களுக்கும் வணங்கி விடைபெறுகிறேன்.

ஒரே ஒரு அறிவிப்பு. சற்றுமுன் தலைவரின் சுத்தி விழுந்த இடத்தில் என் கண்ணாடி இருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குப் பதினாறடி அளக்கவேண்டியிருக்கிறது. கண் தெரிகிற யாராவது ஒருவர் வரவும்.