மேலாளர் அறையைப் பூட்டியது பற்றி

என் பெயர் ஃபிர்தௌஸ், வயது முப்பத்தாறு, கணவர் பெயர் அஃப்தாப், மீர்சாகிப்பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன்.

என்னுடன் வேலை செய்த பாஞ்சாலி கர்ப்பமாக இருந்தபோது, கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், உட்கார ஒரு ஸ்டூல் கேட்டார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்த பிறகும் எங்கள் தளத்தில் ஒன்றுகூடப் போடவில்லை. தள மேலாளர் வைரவன், "உக்காரணும்னா ஊட்ல போய் உக்காரு" என்றார். அதன் பிறகு தீபாவளிக் கூட்டத்தில் பாஞ்சாலி புடவையை விரித்துக் காட்டும்போதே சாய்ந்துவிட்டார். நான்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழந்தை தங்கவில்லை. அவர் கட்டியிருந்த சீருடைப் புடவையைக் கேட்டுக் கடையிலிருந்து ஆள் வந்ததால், கறை போகத் துவைத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு பாஞ்சாலியை வேலையைவிட்டு நிறுத்தியதால், நாங்கள் சங்கத்தில் சேர்ந்தோம். சங்கச் செயலாளர் டோரதி புகார் கொடுத்து, தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து, ஸ்டூல்கள் வந்தன. பாஞ்சாலிக்காகச் சங்கம் வழக்கும் போட்டது. எனக்கு அது போதவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை வைரவன் என்னை அறைக்கு அழைத்து, சங்கத்தைவிட்டு விலகும்படியும், பாஞ்சாலிக்கு எப்படியும் பிள்ளை தங்கியிருக்காது என்றும் சொன்னார். நான் வெளியே வந்து, என்னுடன் வேலை செய்யும் ஜானு, ரூபீனா ஆகிய இருவரையும் அழைத்துக்கொண்டு திரும்பிப் போய், அவர் நாற்காலியை வெளியே தள்ளி, கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் அவரை அடிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். மேசைமேல் உட்காரப் போனபோதும் தரையில் உட்காரப் போனபோதும் விடவில்லை. சாயங்காலம் வரை நின்றார். கால் மரத்துவிட்டது என்று கெஞ்சினார். "பாஞ்சாலியும் இப்டித்தான் கேட்டா. நீ இன்னா சொன்ன?" என்றேன். அவர் அழுதார். பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

அதன் பிறகு டோரதி வந்து கதவுக்கு வெளியே நின்று, "கேசு நம்ம பக்கம் கீதும்மா. அத்த நீயே ஒடைக்காத" என்றார். அதற்காக மட்டுமே திறந்தேன்.

பாஞ்சாலியின் வழக்கைச் சங்கம் வாபஸ் வாங்கினால் என்மேல் போலீசில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாக நிர்வாகம் நேற்றுச் சொல்லி அனுப்பியது. டோரதி முடிவை என்னிடம் விட்டார். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு வழக்கும் நடக்கட்டும். ஜானுவும் ரூபீனாவும் நான் கூப்பிட்டதால் வந்தவர்கள். சங்கத்துக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது.

செய்ததற்கு வருந்துவதாக ஒரு வரி சேர்க்கட்டுமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. ஃபிர்தௌஸ்