ஏழு படிக்கு ஒரு பொட்டு

உலகத்தில் எது அழிந்தாலும் எண் அழியாது. மனிதன் பொய் சொல்லலாம், கணிதம் ஒருநாளும் சொல்லாது. இந்த வாக்கியம் நான் எழுதிய 'புரோகிரஷன்ஸ் பிரம்மாஸ்திரம்' என்ற பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அட்டையில் 1001 கணக்குகள் என்று போட்டிருக்கும். உள்ளே 986 தான். ஆயிரத்து ஒன்று என்றால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று சித்தூர் அச்சகத்து சலீம் சொன்னார். நானும் சரி என்றேன்.

விசாரணை அதிகாரி அவர்களே, எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம் என்றீர்கள். இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பதியில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பாடம் நடத்துகிறேன் என்றாலும் நான் தமிழ் எல்லையோரத்து நகரிக்காரன். பதற்றமில்லாமல் எழுதுவதற்குத் தமிழ்தான் தோது. புகாரில் உள்ளவை எல்லாம் சரி. ஒரே ஓர் எண்ணை மட்டும் ஆட்சேபிக்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி பிரித்திகா மொத்தம் 2047 தடவை எழுதினாள் என்று அவள் அம்மா கோதை சொல்லியிருக்கிறார். 2048 என்று இருக்க வேண்டும். இரட்டித்துக்கொண்டே போகிற கணக்கு ஒற்றைப்படையில் எப்படி முடியும்? ஆவணம் என்றால் ஆவணமாக இருக்க வேண்டும். அதனால் சொல்கிறேன்.

எல்லாம் நூற்றெட்டாவது கணக்கில் ஆரம்பித்தது. அது என் சொந்தக் கணக்கு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களில் சிலர் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே போவார்கள். வேண்டுதல். இடுப்பு ஒத்துழைக்காதவர்கள் தங்களுக்குள் ஏதாவது ஓர் ஏற்பாடு செய்துகொள்வார்கள். அதைத்தான் கணக்காக்கினேன். ஒரு பக்தை ஏழுமலையானை நினைத்து ஏழு படிக்கு ஒரு பொட்டு வைக்கிறாள். முதல் படியில் ஒன்று, எட்டாம் படியில் ஒன்று, பதினைந்தாம் படியில் ஒன்று. இப்படியே போய் 3550ஆம் படியில் கடைசிப் பொட்டு. மொத்தம் எத்தனை பொட்டு? கூட்டுத்தொடரை இதைவிட பக்தியோடு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. விடை 507 என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டிருந்தேன்.

எங்கள் ஹெட்மாஸ்டர் நாகபூஷணம் அதைப் படித்துவிட்டு அப்படியே எழுந்து நின்று கைகூப்பினார். "ஜெயச்சந்திரன்காரு, இது லெக்க இல்ல, ஸ்தோத்திரம்" என்றார். அவருக்குக் கணக்கு வராது, அவர் சமூக அறிவியல். ஆனால் மறுவாரமே பள்ளி வாசலில் இருபதடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நான், நடுவில் அந்தக் கணக்கு, அடியில் பெரிய எழுத்தில் 507. மலையைவிட என் படம் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அந்த ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் அங்கே சிக்னலில் நிற்கும் என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் ரிவிஷன் வகுப்பில் பிரித்திகா எழுந்தாள். நகரிப் பெண். அப்பா இல்லை, அம்மா பவர்லூமில் பாபின் சுற்றுகிறவர். ஹாஸ்டலில் இருந்து படித்தாள். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்தே இன்ஜினியரிங்குக்கு எடுத்துக்கொள்கிற ட்ரிபிள் ஐடியில் சீட் கிடைக்கும் என்று நாங்கள் எண்ணி வைத்திருந்த நாலு பேரில் அவள் முதல் ஆள். இன்னொரு வழி அவளுக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

"சார், 508 வருது சார்" என்றாள்.

"பின்னாடி பார்."

"பார்த்தேன் சார். நீங்க மொதோ படிய வுட்டுட்டீங்க."

"எதை விட்டேன்?"

"மொதோ படி சார். போன வருசம் நானும் எங்கம்மாவும் இதே மாரிதான் பொட்டு வெச்சிக்கினு ஏறினோம். எங்கம்மா மொதோ படிலயே கற்பூரம் ஏத்தி, பொட்டு வெச்சி, அப்பறந்தான் காலே வெச்சாங்க. அத்த எண்ணணுமில்ல?"

"புத்தகத்தில் இருப்பதுதான் விடை."

"புக்கு படி ஏறலியே சார்."

வகுப்பு சிரித்தது. நான் கோபப்படவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். என் இருபத்திரண்டு வருஷ சர்வீசில் ஒரு பிள்ளையைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. குரல் உயர்த்தியதும் இல்லை. எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன்; அது கல்வி சார்ந்தது. தவறாகச் சொன்ன பிள்ளை முதல் நாள் சரியான விடையை ஒரு தடவை எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் மறுநாள் இரண்டு தடவை. அப்புறம் நான்கு, எட்டு, பதினாறு. பெருக்குத்தொடர், பொது விகிதம் இரண்டு. தண்டனையும் ஆயிற்று, பயிற்சியும் ஆயிற்று. போன வருஷம் வந்த இன்ஸ்பெக்ஷன் குழு இதைச் செயல்வழிக் கற்றல் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனது. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் நாளே வழிக்கு வந்துவிடுவார்கள். எட்டைத் தாண்டியவர் எவரும் இல்லை.

507 என்று ஒரு தடவை எழுதிக் காட்டச் சொன்னேன். அவள் ஒரு தடவை எழுதினாள். வாய்பாட்டைப் போட்டு, எண்களை வைத்து, ஒரே வரியில், அழகான கையெழுத்தில். 508.

மறுநாள் இரண்டு தடவை. இரண்டும் 508. அதற்கு மறுநாள் நான்கு. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஸ்டடி ஹவர் முடிந்ததும் நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பாள். அடமாகவோ நக்கலாகவோ ஒரு பார்வை இருக்காது. அதுதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்தது. திமிர் பிடித்த பிள்ளை என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இவள் பஸ் டிக்கெட்டை நீட்டுகிற மாதிரி நீட்டுவாள்.

"தப்பு. நாளைக்கு இரட்டிப்பு" என்பேன்.

"சரி சார்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்டாள். தொடரில் இடையில் ஓர் உறுப்பை விட்டுவிட்டால் அது தொடரா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, இல்லை என்று ஒத்துக்கொண்டாள். நியாயமான பெண்.

என் நிலைமையைத் தாங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நான் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 507 என்று எழுதினால் போதும். அவள் எழுதியிருக்கலாம். பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பது எனக்கு மட்டுமா தெரியும்?

ஐந்தாம் நாள், அவள் பதினாறு தடவை எழுதிக் கொடுத்த அன்று, நான் சலீமுக்கு போன் போட்டேன். இரண்டாம் பதிப்பு ஓடத் தயாராக இருந்தது. விடைப் பக்கத்தில் நூற்றெட்டாவது கணக்குக்கு 507ஐ எடுத்துவிட்டு 508 போடச் சொன்னேன்.

"இன்னா சார், மலைல ஒரு படி சேத்துக் கட்டிட்டாங்களா?" என்றார் சலீம்.

அச்சுப்பிழை என்றேன்.

"எம்மேல போடாதீங்க சார். உங்க கையெழுத்துல இருக்குது, பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். அந்தக் காகிதம் இப்போது தங்களிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

ஆறாம் நாள் அவள் முப்பத்திரண்டு தடவை எழுதினாள். ஏழாம் நாள் அறுபத்து நான்கு. எட்டாம் நாள் நூற்று இருபத்தெட்டு. அன்று நோட்டைக் கொடுக்கும்போது வலது மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தாள். என்ன என்று கேட்டேன், அக்கறையாகத்தான் கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், கொஞ்சம் வீங்கிக்கினு இருக்குது" என்றாள். ஐஸ் வைக்கச் சொன்னேன். தப்பு, நாளைக்கு இரட்டிப்பு என்றும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் சித்தூரிலிருந்து இரண்டாம் பதிப்பு வந்தது. நாலு கட்டு. பிரிக்காமல் ஸ்டாஃப் ரூமில் சுவர் ஓரமாக அடுக்கி வைத்தேன். பரீட்சை முடிந்த பிறகு பிரிக்கலாம் என்று இருந்தேன். மாணவர்களைக் கடைசி நேரத்தில் குழப்பக் கூடாது.

பத்தாம் நாள் கோதை வந்தார். ஹாஸ்டலில் யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஷிப்டை விட்டுவிட்டு நகரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். ஸ்டாஃப் ரூமில் நாற்காலி எதுவும் காலியில்லை. அந்தப் புத்தகக் கட்டின் மேல் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். டீ வரவழைத்தேன்.

"சார், கொயந்த சோறு துன்னக்கூடக் கைய மடக்க முடியாம கீது சார். நீங்க பெரியவங்க, உட்ருங்க" என்றார்.

"நான் எங்கேம்மா பிடித்து வைத்திருக்கிறேன்? 507 என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். இந்த நிமிஷமே முடிந்தது."

பிரித்திகாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். கோதை அவளிடம், "சார் சொல்றத எழுதித் தொலையேன்டி. உன் நம்பரு உன் மண்டைல இருக்கட்டும், எவன் புடுங்கப் போறான்?" என்றார்.

"மா, நீ மொதோ படிக்குப் பொட்டு வெச்சியா இல்லியா?"

"வெச்சேன்."

"கற்பூரம் ஏத்தினியா?"

"ஏத்தினேன்டி."

"அப்ப அந்தப் பொட்டு வெக்கலன்னு நான் எழுதணுமா?"

கோதை என்னைப் பார்த்தார். அப்புறம் டீ கிளாஸைத் தரையில் வைத்தார். தான் உட்கார்ந்திருக்கிற கட்டுக்குள் இருநூறு புத்தகங்களில் மகள் சொல்கிற விடைதான் அச்சாகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. போகும்போது என்னிடம், "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மரியாதை தெரிந்த அம்மாள். அன்று சாயங்காலம் பிரித்திகா ஐந்நூற்றுப் பன்னிரண்டைக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் ஆயிரத்து இருபத்து நான்கு. காலை பிரேயருக்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று வார்டன் சொன்னார். எழுநூறு வரைக்கும் வலது கை. அதன் பிறகு பேனா விரல்களில் நிற்கவில்லை போலிருக்கிறது. எழுநூற்று ஒன்றிலிருந்து இடது கை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி கோணல் கோணலாக, ஒரு பக்கத்துக்கு எட்டு வரி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் எல்லா எண்ணும் அதனதன் இடத்தில் இருந்தது. இந்த மாவட்டத்தில் ஒரு மாணவி ஒரு கூட்டுத்தொடர் கணக்கை இவ்வளவு பயின்றதில்லை. அதற்கான பெருமை ஆசிரியருக்கும் ஓரளவு சேர வேண்டும் என்றே அன்று நினைத்தேன்.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டு நரம்பெல்லாம் புண்ணாகிவிட்டது, ஒரு மாதம் பேனாவைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. எழுதுவதற்கு ஆள் கேட்டு மனுப் போட்டார்கள். என்ன காரணத்தால் கை இப்படி ஆனது என்று பள்ளியிலிருந்து சான்று கேட்டார்கள். நாகபூஷணம் அதை எழுத என்னிடம் கொடுத்தார். விளையாட்டு மைதானத்தில் விழுந்ததாக எழுதலாம், பொய். உள்ளதை எழுதலாம், வாசலில் ஃபிளெக்ஸ் இருந்தது. இரண்டில் எது முறை என்று யோசித்துக்கொண்டிருந்ததில் தேதி கடந்துவிட்டது.

இடது கையாலேயே எழுதினாள். கணக்குத் தாளில் பாதிதான் முடிந்தது. அதில் கூட்டுத்தொடர் கேள்வி ஒன்று வந்திருந்தது, நாலு மார்க். வழிமுறை எழுத நேரமில்லாமல் விடையை மட்டும் எழுதியதாகச் சொன்னாள். விடை சரி. வழிமுறை இல்லாததால் ஒரு மார்க்தான் போட்டிருப்பார்கள். ட்ரிபிள் ஐடி பட்டியலில் அவள் பெயர் இல்லை. இப்போது அம்மாவோடு பாபின் சுற்றப் போகிறாள் என்று புகாரில் இருக்கிறது. அதையும் நான் ஆட்சேபிக்கவில்லை.

எப்போது எனக்கு உண்மை தெரிந்தது என்று மூன்று முறை கேட்டீர்கள். சலீமுக்கு போன் செய்த அன்று என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். பிரித்திகா முதல் நாள் எழுந்து நின்று மொதோ படி என்றாளே, அப்போதே. மேஜைக்குக் கீழே கையை வைத்து விரல் மடக்கினேன். ஒன்று, எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு. இருபத்திரண்டில் ஒன்றைக் கழித்து ஏழால் வகுத்தால் மூன்று. மடங்கியிருந்த விரல் நான்கு. அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் இருப்பதுதான் விடை என்று சொன்னேன். பதினோரு நாளும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் என்னைக் கணக்கு வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இணைப்பாக அவளுடைய நோட்டுகள் ஆறையும் வைக்கிறேன். 2048 என்ற என் ஆட்சேபணைக்கு அதுவே ஆதாரமாக இருக்கும் என்பதால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியாக எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை எண்ணினேன்.

2047 தான் இருக்கிறது.