வாசகத் திலகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

– உள்ளே வா, கணேஷ்குமார். தாழ்ப்பாளைப் போடு. மேல் தாழ்ப்பாளையும். தெருவில் யாரேனும் நம் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா?

– சனிக்கிழமை சார். ரங்கநாதரைப் பார்க்கப் போற கூட்டம்தான் நிக்குது. பகல் பதினோரு மணிக்கு எதுக்கு ஜன்னலையெல்லாம் சாத்தி வச்சிருக்கீங்க? அம்மா எங்க?

– உறையூருக்கு, மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். குரலைத் தாழ்த்து. எத்தனை ஒட்டினாய்?

– முந்நூறு! லெவலே வேற சார். அரியமங்கலத்துல நம்ம பிரஸ்லயே அடிச்சு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல ஆரம்பிச்சு முசிறி வரைக்கும் நேத்தே ஒட்டியாச்சு. ஒரு டீக்கடைச் சுவரு, ஒரு கரண்ட் கம்பம் விடல. உங்களுக்குன்னு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். பிரிங்க.

– நீயே படி.

– ‘கண்ணீர் அஞ்சலி! எழுத்துச் செம்மல் அரங்கநேசனின் மணல் மேட்டின் மௌனம் நாவலை ஏழு முறை வாசித்த வாசகத் திலகம் முசிறி கலைமதி இயற்கை எய்தினார். ஆழ்ந்த துயரத்தில்: அரங்கநேசன் வாசகர் பேரவை, எண்ணூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள்.’ கீழ நாளைக்கு இரங்கல் கூட்டம்னு போட்டு, விவரத்துக்கு உங்க போன் நம்பர், வீட்டு அட்ரஸ்.

– என் வீட்டு விலாசமா! யாரைக் கேட்டுப் போட்டாய்?

– வர்றவங்க வழி கேப்பாங்கல்ல சார்? அப்புறம் ரெண்டு போட்டோ. மேல நீங்க, பெருசா. கீழ அவங்க.

– அதனால்தான் காலையில் பால்காரன் என்னைக் கண்டதும் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினான். எங்கே, காட்டு. ம்ம்... நெற்றியை இவ்வளவு வெட்டியிருக்க வேண்டாம். என் அகலமான நெற்றியைப் பற்றிக் கலைமதியே ஒரு கடிதத்தில்... ஐயோ! அவள் முகம் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது!

– நல்ல மெஷின் சார். மூக்குத்தி கூடத் தெரியும்.

– கணேஷ்குமார், காலை ஆறு மணியிலிருந்து ஒரே எண்ணிலிருந்து பதினான்கு அழைப்புகள். ஒன்றையும் எடுக்கவில்லை. வள்ளிக்கண்ணு, முசிறி என்று பெயர் காட்டுகிறது.

– கலைமதி அக்காவுக்குச் சொந்தமா இருக்கும். போஸ்டர் பார்த்து நன்றி சொல்லக் கூப்பிடறாங்க. எடுத்துப் பேசுங்க சார், பாவம். நம்ம பேரவைக்காரங்க இருபது பேரு ரெண்டு மணிக்கு வேன்ல முசிறிக்குத் துக்கம் விசாரிக்கக் கிளம்பறாங்க. வீடு எதுன்னுதான் யாருக்கும் தெரியல. வியாழக்கிழமை குரூப்ல சாவுச் சேதி போட்டது நீங்கதானே, அட்ரஸ் சொல்லுங்க.

– வேனை நிறுத்து.

– மாலையெல்லாம் வாங்கியாச்சே சார்!

– அப்படி ஒரு வீடு கிடையாது. உட்கார். தண்ணீர் குடி. கலைமதி சாகவில்லை.

– அப்பாடா! பொழச்சுக்கிட்டாங்களா?

– பிறக்கவே இல்லை.

– சார், நல்லாத்தான் சொல்றீங்க, புரியலை. இது அடுத்த நாவல்ல வருதா?

– நாவலும் இல்லை, மண்ணும் இல்லைடா! நான்தான்டா கலைமதி!

– நீங்களா! மூக்குத்தியோடவா?

– அப்படிப் பார்க்காதே. பழைய போன்ல இன்னொரு சிம் போட்டேன். அவ்வளவுதான்.

– அப்ப அத்தியாயத்துக்கு அத்தியாயம் கடிதம் எழுதினாங்களே?

– நான்தான்.

– ஒம்பதாவது அத்தியாயம் படிச்சுத் தலகாணி நனைஞ்சு போச்சுன்னாங்களே?

– நனைஞ்சது என் தலகாணி. அத்தியாயத்தைக் குரூப்ல போட்டு நாலு நாள் ஆச்சு. எண்ணூறு பேர்ல ஒருத்தர் வாயத் திறக்கல. ஒருத்தர் மட்டும் வாழைத்தார் விலை என்னன்னு கேட்டார். எனக்கு அழுகை வராதா?

– சரி, உண்டாக்கினீங்க. எதுக்கு சார் கொன்னீங்க?

– நீதானே ஆரம்பிச்ச! சிறந்த வாசகி விருது குடுப்போம், மேடைக்கு வரச் சொல்லுங்கன்னு. காய்ச்சல்னு சொன்னேன். குரூப்ல இருக்கிற சாரா பீவி உடனே கஷாயம் அனுப்பறேன், அட்ரஸ் குடுங்கன்னாங்க. டெல்லிக்குப் போயிட்டாள்னு சொன்னேன். அங்க என் தம்பி இருக்கான், ஸ்டேஷனுக்கு அனுப்பறேன்னு மார்ட்டின் நிக்கறார். சாகறதைத் தவிர அவளுக்கு வேற வழியே நீங்க விடலைடா.

– நான் முந்தாநாள் சாப்பிடலை சார், அவங்களுக்காக. அது போகட்டும். இந்த போட்டோவுல இருக்கறது யாரு? கம்ப்யூட்டர்ல செஞ்சதா?

– அங்கதான்டா எனக்கு உயிரே போகுது. நிஜ மனுஷி.

– நிஜமாவா? உசுரோடவா?

– போன வருஷம் புத்தகக் கண்காட்சியில என் ஸ்டாலுக்கு வந்தாங்க. நின்னுக்கிட்டே ரெண்டு பக்கம் படிச்சு, ஒரு பிரதி வாங்கினாங்க. பத்து நாள்ல வித்தது அந்த ஒண்ணுதான். ஒரு செல்ஃபி எடுத்துக்கிட்டேன்.

– அவங்க கேட்டாங்களா?

– மறுக்கல. எந்த ஊருன்னு கேட்டேன், முசிறின்னாங்க. அந்தப் படத்துல என்னை வெட்டி எடுத்துட்டு அவங்களைக் கலைமதியாக்கினேன். என்னையே நான் வெட்டினேன்டா, எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?

– ஊரையாவது மாத்தியிருக்கக் கூடாதா சார்? அறுநூத்துச் சொச்சம் பக்கம் கற்பனை பண்றீங்க, ஒரு ஊரு கிடைக்கலையா? அவங்க தெருவுலேயே நாப்பது ஒட்டியிருப்பான் என் ஆளு!

– நினைச்சாலே வேர்க்குது. சொந்த மக சாவை அவங்கம்மா சுவத்துல பார்த்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்திருந்தா? அது என் தலையில விடியாதா? போலீஸ் வரும். என் படமும் அட்ரஸும் போட்டு நீயே அவங்களுக்கு வழி காட்டியிருக்க. அதைவிட... அவங்க என் ஒரே வாசகிடா. நான் நிஜமாச் சம்பாதிச்ச ஒரே ஒருத்தி. அவங்களைப் போய்க் கொன்னுட்டேனே!

– அப்படிச் சொல்லாதீங்க. எண்ணூத்துப் பன்னெண்டு பேர்...

– நீ சேர்த்தவங்க. எங்க பிடிச்ச அவ்வளவு பேரை? இன்னிக்காவது சொல்லு.

– சார்... நீங்க ஒண்ணைச் சொல்லிட்டீங்க, நானும் சொல்லிடறேன். பிரஸ்ஸுக்குக் காதுகுத்து பேனர், கடைத் திறப்பு பேனர் அடிக்க வந்தவங்க நம்பர் எல்லாத்தையும் போட்டுவிட்டேன். குரூப்லேருந்து வெளிய போறது எப்படின்னு தெரியாமத்தான் பாதிப் பேர் உள்ள இருக்காங்க.

– மீதிப் பாதி?

– குரூப்ல இருக்கோம்னே தெரியாது. கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு சார், விருது விழாவுக்கு வரேன்னு நாலு பேர்தான் சொன்னாங்க, அதுல ரெண்டு பேர் நீங்களும் நானும். இரங்கல் கூட்டம்னு போட்டதும் முந்நூறு பேர்! சாவுன்னா நம்ம ஜனங்க விட மாட்டாங்க. பேசாம செத்தவங்க செத்தவங்களாவே இருக்கட்டுமே?

– முந்நூறு பேரா? நாவலும் எடுத்து வைக்கலாமோ... சீ! வாயை மூடு! அந்தம்மா உசுரோட இருக்காங்கடா!

– சார், போன் அடிக்குது.

– பதினஞ்சாவது. அவங்கதான். எடுக்காதே. சத்தத்தைக் குறை. எங்க குறைக்கிறது இதுல? தலகாணியால அமுக்கு!

– சார்... வாசல்ல நிழல் தெரியுது.

– உள்ள போன் அடிக்கிறது வெளிய நல்லா கேக்குதுங்க. கதவைத் திறங்க.

– ஐயோ. கணேஷு, சார் ஊர்ல இல்லைன்னு சொல்லு.

– அம்மா, சார் ஊர்ல இல்லீங்க.

– நான் உலகத்துலயே இல்லைங்க. இருந்தும் வந்து நிக்கலையா? திறங்க தம்பி. என் பேரு வள்ளிக்கண்ணு. போஸ்டர்ல இருக்கறது என் முகம்.

– திறந்துடறேன் சார். மூக்குத்தி கூட அதேதான்.

– அம்மா! உங்க கால்ல விழறேன். போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க. மனசார ஒரு உசுருக்கும் தீங்கு நினைச்சவன் இல்லை நான்.

– எந்திரிங்க சார், வயசுல பெரியவங்க. காலையில டீ மாஸ்டர் என்னைப் பார்த்துட்டுப் பாத்திரத்தோட பின்னாடி போனாரு. எதிர்க்கடைக்காரர் என் கடை ஷட்டர்ல மாலையே போட்டுட்டாரு. பேரு வேற, முகம் நான். பேரை எவன் பார்த்தான்? இங்க வர்ற பஸ்ல கண்டக்டர் சில்லறை குடுக்கிற சாக்குல கையைத் தொட்டுப் பார்த்தாரு, சூடு இருக்கான்னு.

– உங்கம்மா? உங்கம்மா எப்படி இருக்காங்க? அதைச் சொல்லுங்க முதல்ல!

– நல்லா இருக்காங்க. பொய்யாச் சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு பாயசம் வச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் திருஷ்டி கழிஞ்சதுன்னு சொல்லிட்டாரு.

– ரங்கா! அப்ப... அப்ப என்னை மன்னிச்சுட்டீங்களா?

– கொன்னதுக்கு மன்னிச்சுட்டேன்.

– வேற என்னம்மா செஞ்சேன்? நாளைக்கே மறுப்புப் போடறேன். நீங்க என் வாசகி. இந்த ஊர் உலகத்துல எனக்குன்னு இருக்கிற...

– அதைப் பேசத்தான் பஸ் ஏறி வந்தேன். பதினாறு வருஷமா முசிறி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல வாடகைக்குப் புத்தகம் குடுக்கற கடை வச்சிருக்கேன். நான் நல்லாயிருக்குன்னு சொன்னா, பிரிச்சுக்கூடப் பார்க்காம எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க. காலையிலேருந்து ஆறு பேர் வந்து உங்க நாவலைக் கேட்டுட்டாங்க சார், என்னை நம்பி.

– ஆறு பேரா! கணேஷு, கேட்டியா? ஆறு பேர்! என்னம்மா சொன்னீங்க அவங்ககிட்ட?

– நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன் சார், அந்த ‘ஏழு முறை வாசித்த’ங்கற வரியை மட்டும் எல்லாச் சுவத்துலயும் அழிச்சுடுங்க, ஒரு தடவை முழுசாப் படிச்சவ கேக்கறேன்.