தெருக்கோடி வீட்டின் முறை

முதல் நாள் மில்காரர் வீட்டில் அந்த விருந்தாளி சாப்பிட்டது வாத்தா கோழியா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாத்து என்றே எழுதிக்கொள்ளுங்கள். கோழி என்று வேறு யாராவது சொன்னால் அவர்களை நம்புங்கள். நான் அன்று உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவன் இல்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றவன். எனக்கு வாசனைதான் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு அவ்வளவாகக் குழப்பமில்லை.

எங்கள் ஊருக்கு ஒரே தெரு. பெரிய சாலையை ஊருக்கு வெளியே வளைத்துப் போட்ட பிறகு எங்களிடம் யாரும் வருவதில்லை. வண்டி கெட்டுப்போனவர்களும் வழி தவறியவர்களும்தான் வருவார்கள். அப்படி ஒருவர் வந்து சிக்கிவிட்டால் தெருவுக்கே கிறுக்குப் பிடித்துவிடும். மில்காரர் வீட்டில் தொடங்கி, வீட்டுக்கு ஒரு நாள் என்று, வரிசையாக அவருக்குச் சாப்பாடு போடுவோம். முறை தாண்டக் கூடாது. முறை வராத வீட்டில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம், அது அடுத்தவர் தட்டில் கை வைப்பதற்குச் சமம். என் மருந்துக்கடையும் அதன் பின்னால் என் வீடும் தெருக்கோடியில் இருக்கின்றன.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததே இல்லை. நிலம் அளக்க வந்தவர் நர்ஸ் வீட்டோடு கிளம்பிவிட்டார். பம்பு விற்க வந்தவர் தையல்காரர் வீடுவரை வந்தார், அது எங்களுக்கு முந்திய வீடு. அன்று என் மனைவி நீலக்கரை போட்ட தட்டுகளை எடுத்துக் கழுவித் துடைத்து மேஜையில் பரப்பியிருந்தாள். அவை அவளுடைய கல்யாணத்துக்கு வந்த தட்டுகள். பம்புக்காரர் ஏப்பம் விட்டுக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். தையல்காரர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "விடுங்கக்கா, உங்க வீட்டு இனிப்போட ருசி உங்க வீட்டு எறும்புக்காவது தெரிஞ்சா சரி" என்றாள். என் மனைவி சிரித்தாள். பிறகு தட்டுகளை மறுபடி கழுவி உள்ளே வைத்தாள். யாரும் சாப்பிடாத தட்டை எதற்குக் கழுவுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சிரிப்புக்காரர் வந்தார். பள்ளிக்கூடங்களுக்கு உலக உருண்டை விற்கிறவர். வண்டியின் பின் இருக்கை முழுக்க உருண்டைகள். பெரிய உடம்பு, சிரித்தால் சட்டைப் பொத்தான்கள் பாவம் போல் தவிக்கும். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றார். எங்கள் ஊர் எல்லையில் வண்டி நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்திருந்தால் சாமி ஊர்வலம் என்றே நினைத்திருப்பீர்கள்.

அவரைப் போல ஒரு விருந்தாளி இனிமேல் கிடைக்க மாட்டார். மில்காரர் பழத்தைப் புளிக்க வைத்து வடித்த மதுவை மூன்றாவது கோப்பை குடித்துவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி மில்காரரின் மாமியாரை ஆட வரச்சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஊன்றுகம்பை வீசிவிட்டு ஏறினாள். மறுநாள் முடிதிருத்துபவர் வீட்டில் பாட்டு. அதற்கடுத்து பேக்கரிக்காரர் வீட்டில் அவருக்கென்றே ஆளுயரக் கேக். சாப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓர் உலக உருண்டை கொடுத்தார். எங்கள் தெருவில் கடலைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் கடல் சுழன்றது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் கோழி பிடிக்க ஒன்றாக ஓடினார்கள். அவ்வளவு சந்தோஷமாக எங்கள் ஊரை நான் கண்டதில்லை. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக் என் மச்சினன், மனைவியின் தம்பி. முதல் நாளே அவனிடம் போனேன்.

"என்னடா கோளாறு?"

"ஒரு பெல்ட் அறுந்துபோச்சு மாமா. அரை மணி நேர வேலை."

"பெல்ட் இருக்கா?"

"இதோ, ஆணியில தொங்குதே."

"தொங்கலைன்னு வெச்சுக்கோ."

அவன் என்னைப் பார்த்தான், பிறகு பெல்ட்டைப் பார்த்தான். "அக்காவுக்காகவா?" என்றான். அவன் பெல்ட்டைக் கழற்றிப் பழைய டயருக்குள் போட்டான். நல்ல பையன். அவன்மேல் நீங்கள் வழக்குப் போடக் கூடாது.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் கிடைப்பது என் கடைப் படியில் மட்டும்தான். அதனால் சிரிப்புக்காரர் தினமும் மகளிடம் பேச எங்கள் வாசலுக்கே வந்தார். "இன்னும் ரெண்டே நாள்மா. பெல்ட் வரணும். இங்க என்னை மாப்பிள்ளை மாதிரி கவனிக்கிறாங்க" என்பார். திரைக்குப் பின்னால் என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு நிற்பாள். முறை வராததால் வெளியே வர மாட்டாள். இரண்டடி தூரம். அவர் போன பிறகு அந்தத் தண்ணீரைத் திரும்பப் பானையில் ஊற்றுவாள்.

மூன்றாவது வீட்டு விருந்து முடிந்த அன்று அவர் போனை வைத்துவிட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சர்க்கரைக்குப் போடுற மாத்திரை தீந்துபோச்சு. வழிக்கு வேணும்கிற அளவுதான் எடுத்துட்டு வந்தேன்." காலி அட்டையைக் காட்டினார். "இது மட்டும் ஒழுங்காப் போட்டா நான் குதிரைதான். வண்டி ரெடியானதும் ஒரே ஓட்டம், மக வீட்டு வாசல்லதான் நிறுத்துவேன்."

அந்த மாத்திரை என் தலைக்கு மேல் அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். நீட்டவும் செய்தேன். அப்போது அவர் சொன்ன குதிரை எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வாசலைத் தாண்டி ஓடுகிற குதிரை. கை தானாகவே அடுத்த தட்டுக்குப் போயிற்று. சத்து மாத்திரையை எண்ணிக் காகித உறையில் போட்டுக் கொடுத்தேன்.

"நிறம் வேற மாதிரி இருக்கே?"

"கம்பெனி வேற, அண்ணே. சரக்கு அதேதான்."

சத்து மாத்திரை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. அதை எந்த டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் களைப்பு வரும், நாலு நாள் கூடத் தங்குவார் என்பதுதான் என் எண்ணம். களைப்போடு வண்டி ஓட்டினால் ஆபத்து, ஓட்டாமல் இங்கேயே களைத்திருப்பது எவ்வளவோ மேல்.

அதன் பிறகு அவருக்குத் தாகம் எடுத்தது. சொம்பு சொம்பாகக் குடித்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் பெருமை என்று தெருவே பூரித்தது. அடுத்த வீட்டில் குடம் வைத்தார்கள், அதற்கடுத்த வீட்டில் பழச்சாறு, சர்க்கரை போட்டு. "இவ்ளோ ஆசையாக் குடிக்கிறவரை நான் பார்த்ததே இல்லை" என்று பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

நர்ஸ் வீட்டு முறையன்று அவள் மட்டும் கேட்டாள். "முகம் ஒரு மாதிரி இருக்கே. மாத்திரை போடுறாரா?"

"என் கையாலதான் கொடுக்கறேன்" என்றேன். அது பொய் இல்லை.

அதே நாள் மச்சினன் வந்தான். "பெல்ட்டை மாட்டிட்டேன் மாமா. மனசு கேக்கலை. பேத்தி போட்டோவைத் தினமும் காட்டுறாரு." எனக்குக் கோபம் வரவில்லை. வண்டி தயாராகிவிட்டது, ஆனால் ஓட்டுகிறவரால் படியேற முடியவில்லை. நாளைக்குத் தையல்காரர் வீடு, மறுநாள் நாங்கள். மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டுகளை எடுத்தாள்.

தையல்காரர் மனைவி எப்படிப்பட்டவள் என்று சொன்னேன் அல்லவா. அவர்கள் முறையன்று மழை பெய்தது. பந்தல் நனைந்துவிட்டது, அந்த நாள் செல்லாது, மறுநாளும் தன் வீட்டில்தான் என்று பிடிவாதம் பிடித்தாள். தெரு ஒப்புக்கொண்டது. இரண்டு நாளும் அவள் அவருக்குத் தேனில் ஊறவைத்த இனிப்பையே போட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார். அதில் என் பங்கு எவ்வளவு, அவள் பங்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

நர்ஸ் ஓடி வந்து இமையை விலக்கிப் பார்த்தாள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு, அவர் வண்டியிலேயே என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை எங்கள் வீட்டு முன்னால்தான் போகிறது. நான் நடுத்தெருவில் நின்று கையை விரித்தேன். வண்டியை ஓட்டி வந்த மச்சினன் நிறுத்தினான்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும்."

"உங்களுக்குப் பைத்தியமா? ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்" என்றாள் நர்ஸ்.

"உங்க வீட்ல சாப்பிட்டாரு. எங்க வீடு மட்டும்தான் பாக்கி."

அவள் வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். அவளும் அந்தத் தெருவில் பிறந்தவள்தான். தெருவே பின்னால் வந்து நின்றது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலர் கை தட்டினார்கள். எங்கள் முறை வந்துவிட்டதற்குத்தான் தட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

நாற்காலியில் உட்கார வைத்தோம். நீலக்கரைத் தட்டு. என் மனைவி செய்த இனிப்பு, பால் சுண்டக் காய்ச்சிச் செய்தது. அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட எனக்கு அந்த முகம் காட்டவில்லை. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "போதும்மா" என்றார். இன்னும் ஒன்றுமே போடவில்லை, அதற்குள் போதும் என்கிறார். எங்கள் தெருவில் விருந்தாளி போதும் என்றால் இன்னொரு கரண்டி போடுவோம், அதோடு நிறுத்துகிற கை நல்ல கை இல்லை. நானே ஸ்பூனில் எடுத்து ஊட்டினேன். சர்க்கரை என்ன செய்யும் என்று தெரியாதவன் இல்லை நான், பிழைப்பே அதுதான். இரண்டாவது ஸ்பூனுக்கும் போதும் என்றார். மூன்றாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாலாவதையும் கொடுத்தேன்.

வண்டியில் ஓர் உருண்டைதான் மிச்சம் இருந்தது, எல்லாவற்றிலும் பெரியது. பேத்திக்கென்று வைத்திருந்தார். சாப்பிட்ட வீட்டுக்கு ஒன்று என்பது அவரே வைத்த வழக்கம். அதனால் நானே போய் அதை எடுத்து வந்து அலமாரி மேல் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் வந்தாள், கைக்குழந்தையோடு. மில்காரர் வீட்டுக்குப் போகவில்லை, நடுவில் எங்கும் நிற்கவில்லை, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் தெருவில் முதலில் தெருக்கோடிக்கு வந்த ஒரே ஆள் அவள்தான். என் மனைவி தட்டை வைத்தாள். மகள் உட்காரவில்லை. அப்பா கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரையைப் பார்க்க வேண்டும் என்று, அவர் போனில் சொன்ன காகித உறையைக் கேட்டாள். அன்று அவர் சட்டைப் பையிலிருந்து விழுந்ததை என் மனைவி எடுத்து வைத்திருந்தாள் போல, நான் வாய் திறப்பதற்குள் அதை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள். பிறகு அலமாரி மேலிருந்த உருண்டையை இறக்கித் தூசி தட்டி, அதையும் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். அந்த மாத்திரை என்னிடம் இருந்தது, கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வழியை மறித்தேன். ஊட்டினேன்.

நர்ஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மச்சினன் கடையை மூடிவிட்டு நகரத்தில் ஏதோ பட்டறையில் கூலிக்கு நிற்கிறான். மில்காரரின் மாமியார் அடுத்த மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள், கடைசிவரை அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாளாம். அவர் ஆசையாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு தன்னுடையதுதான் என்று தையல்காரர் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மகள் பேத்தியோடு தன் ஊரில் இருக்கிறாள். என் மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், தட்டுகளை எடுத்துப் போகவில்லை.

நான் இங்கே கம்பிக்குள் இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் போதும் என்று ஒருமுறை சொன்னால் அப்படியே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படியும் இரக்கமில்லாத மனிதர்கள் இருக்கிறார்கள்.