கேட்காத ஊசி

எனக்குக் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். ஏட்டு கொடுத்தது சரியாக இருந்தது ஐயா. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலை ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். எழுபத்தெட்டாம் வருஷம் புளி உலுக்கப் போன வேடியப்பன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். வலிக்கு டாக்டர் பெத்தடின் ஊசி எழுதினார். எலும்பு கூடிவிட்டது, ஊசிப் பழக்கம் விடவில்லை. தினமும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பான். எனக்கு அது பிடித்திருந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத வீட்டுக்கு வேறு யார் வருகிறார்கள்?

டாக்டர் நல்லவர். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியில் ஊர்க்கோயிலில் கற்பூரம் அணைத்து, "இனிமே ஊசி கேக்க மாட்டேன்" என்று அவனைச் சத்தியம் செய்ய வைத்தார். அந்த ஊரில் உயிர் போனாலும் அதை மீற மாட்டார்கள்.

வேடியப்பன் தேறினான். சாமை விதைத்தான். என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஒருநாள் நானே கூப்பிட்டு, இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"லேசா வலிக்குதுங்க. ஆனா நான் ஒண்ணும் கேக்கலீங்க."

"நீ கேக்க வேணாம்பா. குந்து."

அழுதுகொண்டே கையை நீட்டினான். டாக்டர் குறைத்த மருந்தையெல்லாம் குப்பி உடைந்துவிட்டதாகச் சொல்லிப் பத்திரப்படுத்தியிருந்தேன். அவன் கேட்கவில்லை, நான் போட்டேன். சத்தியத்துக்குப் பங்கமில்லை.

பிறகு தினமும் வந்து பேசாமல் குந்தியிருப்பான். அவன் மனைவி அம்மாக்கண்ணு, "இப்பத்தான் மன்சனா ஆனாரு, கூப்டாதீங்க சாமி" என்று காலில் விழுந்தாள். பாவமாக இருந்தது.

இந்த மாசியில் புளி உலுக்கப் போகிற காலையில் வந்தான். "புளி முடிஞ்சதும் கீழ பெரிய ஆஸ்பத்திரில போய்ச் சேந்துடுறேங்க. இத வுட்டுடணும்" என்றான்.

அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஏற்றினேன். மரம் ஏறப் போகிறான் என்று தெரியும். மறுபடி இடுப்பு உடைந்தால் எங்கும் போக மாட்டான் என்றுதான் நினைத்தேன். கழுத்து உடையும் என்று நினைக்கவில்லை.

அவன் போனதிலிருந்து அம்மாக்கண்ணுக்குத் தூக்கமில்லை. தூக்க ஊசி என்று சொன்னேன், நம்பினாள். நான்தான் போட்டு வருகிறேன். சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் ஐயா. இந்நேரம் என் வாசலில் குந்தியிருப்பாள். பாவம், அவளும் வாய் திறந்து கேட்க மாட்டாள்.