குதிரைக்கு யாரு தண்ணி வெச்சா?

இல்ல தம்பி, நீங்க பாட்டுக்குத் திருகுங்க, திருகிட்டே கேளுங்க. கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கு. கண்ணாடிக் காம்பு ஆடறது ஒண்ணும் தலைபோற விஷயம் இல்ல. ஆனா இப்ப ஒண்ணு சொன்னீங்க பாருங்க, நிழல் மதில் சீரியல்ல அஞ்சாவது சீசன் அவ்வளவு ஒண்ணும் மோசம் இல்லன்னு, அதான் தலைபோற விஷயம். எந்த வாயால சொன்னீங்க அத? ஊருக்கெல்லாம் பார்வை பாத்து கண்ணாடி போட்டு விடறீங்க, உங்களுக்கு இது தெரியலியா?

சரி, நீங்களே சொல்லுங்க. மொத சீசன்ல என்ன சொன்னான்? நிழல் மதில்ல மந்திரம் போட்டா, போட்டவங்களுக்கு ஆயுசு கொறையும். அதானே சட்டம்? அந்தச் சூனியக்காரிப் பொண்ணு ஒரு விளக்கு ஏத்தினா. ஒரே ஒரு விளக்கு. பாதித் தலை நரைச்சுப் போச்சு. நான் சாப்பிட்டுட்டு இருந்தவ கைய அப்படியே வெச்சுட்டுப் பாத்தேன். ஆகா, இவன் எழுத்தாளன்டான்னு நெனச்சேன். இப்ப என்ன ஆச்சு? அதே பொம்பள செத்துப் போன படைய மொத்தமா எழுப்பி நிக்க வெக்கறா. டிவி கொள்ளல, அத்தன பேரு. ஒரு முடி நரைச்சுதா? அட, ஒரு கொட்டாவியாவது விட்டாளா? போன சீசனவிட பளபளன்னு வந்து நிக்கறா. கேக்கறவன் கேணையா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பானாம். அந்த நெய்தான் இப்ப மூணு சீசனா வடியுது.

என்னது? அவளுக்குச் சக்தி வளந்துடுச்சா? யாரு சொன்னா? எந்த எபிசோட்ல சொன்னான்? நீங்களா சொல்லிக்கறீங்க. அவன் விட்ட ஓட்டைய அடைக்கறதுக்கு நீங்க சம்பளம் இல்லாம வேலை பாக்கறீங்க தம்பி.

தளபதி கதைய எடுத்துக்குங்க. ஆத்துல விழுந்தான். அருவி வேற. தலைல அம்பு வேற. நாம எல்லாரும் அழுதோம். நீங்களும் அழுதீங்க, உங்க ரசிகர் வாட்ஸ்அப் குரூப்ல கண்ணீர் பொம்மையா அடுக்கி விட்டீங்களே, நான் பாத்தேன். ரெண்டு எபிசோட் கழிச்சு கதவத் தொறந்துட்டு வந்து நிக்கறான். எப்படிடா வந்தேன்னு யாரும் கேக்கல. மீசைய மட்டும் நேர்த்தியா கத்தரிச்சிருக்கான். ஆத்துக்கடியில சலூன் வெச்சிருக்காங்க போல.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு கோவம்னா, நான் கர்ட்டன் கடைல துணி வெட்டறவ. ரெண்டு தெரு தள்ளிதான். ஒரு ஜன்னலுக்கு ரெண்டு பக்கத் துணி வெட்டினா, இந்தப் பக்கத்துப் பூவும் அந்தப் பக்கத்துப் பூவும் சரியா சேருதான்னு பாத்துட்டுத்தான் கத்திரி வெப்பேன். யாரு பாக்கப் போறாங்க? யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா சேரலன்னா எனக்குத் தெரியும்ல? இவனுங்களுக்கு அந்த உறுத்தல்கூட இல்ல. மொத ரெண்டு சீசன் எழுதின மனுசன அனுப்பிட்டு, அங்க வாசல்ல நின்னவனையெல்லாம் உள்ள கூட்டி வெச்சு எழுதச் சொல்லியிருக்காங்க.

நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே. உங்க குரூப்புல இருக்கற ஆளுதான். பூட்டு.

ஆமா. அந்தப் பூட்டேதான். வாய மூடுங்க, ஈ பூந்துடப் போவுது. ஏன், பொம்பள இருக்கக் கூடாதா? போன்ல போட்டோ வைன்னு கேட்டுச்சு, மேஜை மேல பூட்டு கெடந்துது, எடுத்து வெச்சேன். அதப் பாத்து நீங்கல்லாம் எவனோ பூட்டு ரிப்பேர் பண்றவன்னு நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? கடைய எப்படிக் கண்டுபிடிச்சேனா? நீங்கதானே போன மாசம் இதே வாசல்ல அட்டை வாளத் தூக்கிட்டுப் போஸ் குடுத்தீங்க. பின்னாடி போர்டு தெரிஞ்சுது. மதிலக் காக்கற வீரன்னு கீழ எழுதி வேற இருந்தீங்க. பாத்ததும் மதில் மேல எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சு.

இல்ல இல்ல, மன்னிப்பெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? எதுக்கு மொதல்ல?

ஓ, குரூப்ல அந்தச் சாட்டைங்கற ஆளு என்னத் திட்டினதுக்கா. அந்த விஷயமாத்தான் வந்தேன். காம்பு ஆடறது ஒரு மாசமா ஆடுது, அதுக்காகவா மதியச் சாப்பாட்ட விட்டுட்டு ஓடி வருவேன்?

சாட்டைய யாரக் கேட்டு குரூப்ப விட்டுத் தூக்கினீங்க?

நான் புகார் குடுத்தேனா? அட்மின் அவர்களே காப்பாத்துங்கன்னு கத்தினேனா? திட்டு வாங்கினது நான். வலிச்சா எனக்குத்தானே வலிக்கணும்? நடுவுல உங்களுக்கு ஏன் கண்ணு வேர்க்குது? ஆமா, படிச்சேன், எனக்குத்தானே எழுதியிருந்துது, படிக்காம இருப்பேனா. ஏ பூட்டு, உன்ன மாதிரி முட்டாளுங்க உக்காந்து பாக்கறதாலதான் அவனுங்க இப்படி எழுதறானுங்க, போய்ச் செத்துத் தொலை. அவ்வளவுதானே? செத்தேனா? முழுசா வந்து நிக்கறேன்ல உங்க எதிர்ல?

மரியாதையா? தம்பி, உங்க குரூப்ல மரியாதையாப் பேசறவங்க என்ன பேசறாங்கன்னு சொல்லட்டுமா? ஒருத்தர் தினமும் காலைல பூப் படம் போட்டு வணக்கம் சொல்றாரு. இன்னொருத்தரு, ராணியோட கிரீடம் எங்க கெடைக்கும், என் தங்கச்சி கல்யாணத்துக்கு வேணும்னு கேக்கறாரு. வாத்தியாருன்னு ஒருத்தரு, எல்லாமே குறியீடும்பாரு. குதிரை வந்தா குறியீடு, மழை வந்தா குறியீடு, தளபதி உயிரோட வந்தா அது பெரிய குறியீடு. அந்தக் கூட்டத்துல கதைய ஒழுங்காப் பாத்து, இது ஏன் இப்படின்னு கேக்கற ஒரே ஆளு சாட்டைதான். கழுத்துக்கு மேல தலை இருந்தது அந்த ஒரு ஆளுக்குத்தான். அதப் பாத்து வெட்டிட்டீங்க.

என்னையா? என்னையும் அப்படித்தான் நெனச்சீங்களா? சொல்லுங்க, பரவால்ல. ரொம்ப நல்ல மனுசன், ஆனா கொஞ்சம் மக்குன்னு. ம்? சிரிக்கறீங்க பாருங்க.

தளபதிக்கு ரெட்டைப் பொறப்பு ஒருத்தன் இருக்கான்னு எழுதினேனே, நெசமாவே அப்படி நெனச்சு எழுதினேன்னு இருந்தீங்களா? ராணிக்குக் கண்ணு தெரியாது, அதனால கடுதாசியப் படிச்சிருக்க முடியாதுன்னு எழுதினேன். ராணி நடிக்கறான்னு ரெண்டாம் சீசன்லயே சொல்லியாச்சு, பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். மதிலே ஒரு கனவுன்னு எழுதினேன். தம்பி, நான் ஒவ்வொரு எபிசோடையும் ரெண்டு தடவ பாக்கறேன். தப்பா எழுதணும்னா சரி எதுன்னு தெரிஞ்சிருக்கணும்ல? சும்மா தப்பா எழுதிட முடியாது. கொஞ்சம் தப்பா எழுதினா வாத்தியாரு வந்து ஆமாம் போட்டுட்டுப் போயிடுவாரு. சாட்டைக்கு ரத்தம் கொதிக்கற அளவுக்குத் தப்பா இருக்கணும். வெட்டு மேஜைல நின்னுட்டே யோசிப்பேன். அன்னிக்கு ஒரு அம்மாவோட பச்சைத் துணிய ஒரு முழம் கொறைச்சு வெட்டிட்டேன், ராணி கண்ண யோசிச்சுட்டே.

எதுக்கா? பதில் வரும்ல, அதுக்கு.

வரும் பாருங்க பதிலு! நான் ஒரு வரி போட்டா அது ரெண்டு பக்கம் எழுதும். எந்த எபிசோட், எந்தக் காட்சி, யாரு எங்க நின்னா, எல்லாம் இருக்கும். ஊடால ஊடால முட்டாளே, மரமண்டையே, கண்ணத் தொறந்து பாருன்னு. அப்புறம் நான் இன்னொண்ணு போடுவேன், அது இன்னும் ரெண்டு பக்கம். ஒரு ஞாயித்துக்கிழமை அவ சாப்பிடக்கூடப் போகாம எனக்கு வெளக்கிட்டே இருந்தா. சாப்டாளோ இல்லியோன்னு எனக்குத்தான் அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, ஒத்துக்கறேன், நீங்க சொன்னதுதான் சரின்னு முடிச்சு விட்டேன்.

ஆமா, அவதான். அவன் இல்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும். நாலாவது சீசன்ல இளவரசன் மதிலச் சுத்திப் போவான்ல, பாலைவனத்துல, குதிரை மேல. நீங்கல்லாம் ஆகா என்ன படப்பிடிப்பு, என்ன வெளிச்சம்னு உருகிட்டு இருந்தீங்க. புதுசா சேந்த ஒரு ஆளு ஒரே ஒரு கேள்வி போட்டுச்சு. மூணு எபிசோடா ஓடுதே, அந்தக் குதிரைக்கு யாரு தண்ணி வெச்சா?

நான் கத்திரியக் கீழ வெச்சுட்டேன்.

அப்பல்லாம் நான் பாட்டுக்கு கதை சொல்லுவேன் தம்பி, வீட்டுல சின்னப் புள்ளையத் தூங்க வெக்கறதுக்கு. ஏழு கடல் தாண்டி இளவரசன் போனான்னு. கேக்கும், குதிரைக்கு யாரு சாப்பாடு குடுத்தா? அது புல்லு தின்னுச்சுடி. கடல்ல ஏது புல்லு? கப்பல்ல கட்டு கட்டா ஏத்தி வெச்சிருந்தாங்க. அப்ப தண்ணி? கடல் தண்ணி உப்பால்ல இருக்கும்? தெனமும் இதே பஞ்சாயத்து. வேலைக்குப் போயிட்டு வந்து நிக்க முடியல எனக்கு. ஒரு நாள் தாங்காம, குதிரை செத்துப் போச்சு, வாய மூடிட்டுத் தூங்குன்னுட்டேன். அழுதுது பாருங்க ஒரு அழுகை. குதிரைக்காக. அப்பவும் அழுதுட்டே கேக்குது, எதனால செத்துச்சுன்னு.

இருந்தாலும் ஒரு கேள்விய வெச்சு எப்படி முடிவு பண்றது? ஒலகத்துல குதிரைக்குத் தண்ணி கேக்கறவ ஒருத்தியேவா இருப்பா? சும்மாதான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் வாத்தியாரோட சண்டைல அவளே எழுதினா. எங்கம்மா இவனுங்கள விட நல்லா கதை சொல்லுவாங்க, ஒரு தடவ நான் கேள்வி கேட்டேன்னு குதிரையவே கொன்னுட்டாங்க, ஆனா கேட்டதுக்குக் காரணமாவது சொன்னாங்கன்னு.

சொன்னேன். வயித்து வலின்னு சொன்னேன்.

நீங்க ஏன் திருகறத நிறுத்திட்டீங்க? திருகுங்க. ஆமா, எம்பொண்ணுதான்.

எங்களுக்குள்ள எதுக்குப் பேச்சு நின்னு போச்சுன்னு கேக்காதீங்க, ஆரம்பிச்சா நீங்க கடையப் பூட்டற வரைக்கும் பேசுவேன். அவ ஒரு பையனக் கூட்டிட்டு வந்தா. நான் ஒரு வார்த்த சொன்னேன். அவன் மூஞ்சிக்கு நேராவேதான் சொன்னேன், பின்னாடி பேசற பழக்கம் எனக்குக் கெடையாது. சரியான வார்த்தைதான் அது, இப்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அவ ஒரு வார்த்த சொன்னா. கோவம் வந்தா அவ சொல்றது அதுதான், உங்க குரூப்ல எழுதினாளே, அதே. என்கிட்டேருந்து கத்துக்கிட்டது. எங்க வீட்டுல யாருக்கும் நல்ல வார்த்த பேச வராது. நேரா கெளம்பிப் போனா. என் நம்பர அடைச்சு வெச்சா. தப்பு யாரு மேலன்னா அவ மேலதான். சந்தேகமே வேணாம்.

பூட்டு நான்தான்னு அவளுக்கு எங்க தெரியும்? இது கர்ட்டன் ஆர்டர் எடுக்கறதுக்குக் கடைல குடுத்த போனு. அவ நம்பர் இப்ப என்கிட்ட இருக்கு, குரூப்லதான் தெரியுதே. கூப்பிட்டா ஹலோன்னு கேட்டதும் வெச்சுடுவா. தனியா மெசேஜ் அனுப்பறதா? என்னன்னு அனுப்ப? நீ ரெண்டு வருஷமா திட்டற பூட்டு நான்தான், உங்கம்மான்னா? அந்த நிமிஷமே ஓடிடுவா. அப்புறம் எந்தச் சீரியலுக்குள்ள போயி தேடறது?

அதனால நீங்க ஒண்ணும் நல்லது பண்ண வேணாம். எடுத்துச் சொல்றேன், சேத்து வெக்கறேன்னு கெளம்பாதீங்க. அட்டை வாளத் தூக்கிட்டு நிக்கற மூஞ்சிக்கு அதெல்லாம் சரிப்படாது. அவளத் திரும்பச் சேருங்க, போதும். கை தவறி நீக்கிட்டேன்னு சொல்லுங்க. நம்புவா, உங்கள அவளும் மக்குன்னுதான் நெனச்சுட்டு இருக்கா.

இன்னிக்கே சேருங்க. வெள்ளிக்கிழமை கடைசி எபிசோட். அது எப்படி முடியும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், குப்பையாத்தான் முடியும். ஒரு வாரம் எல்லாரும் கத்துவீங்க. அப்புறம் வேற ஒண்ணு வரும், அங்க ஓடிடுவீங்க. அவளும் போயிடுவா. எனக்கு அந்த ஒரு வாரம் வேணும் தம்பி. முடிவப் பத்தி ஒண்ணு எழுதறதுக்கு யோசிச்சு வெச்சிருக்கேன். இதுவரைக்கும் எழுதினதுலயே மகா மட்டமானது. படிச்சா அவளால ஒரு நிமிஷம் சும்மா உக்கார முடியாது.

நெசமாவே கோவம் வரலியான்னா கேக்கறீங்க? எதுக்கு வரணும்? அம்மான்னு கூப்பிடறத விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. முட்டாள்னாவது கூப்பிட்டுட்டுப் போகட்டுமே.